அந்தப் பையனுக்குப் பெயர் என்ன?

போரும் பெண்களும் என்ற பாடத்தை நான் எப்போதும் புறநானூற்றிலிருந்துதான் தொடங்குவேன். தமிழ்நாட்டில் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது புதிதல்ல. முதுமையில் உடல் வற்றிப்போன ஒரு தாய். போர்க்களத்தில் அவள் மகன் முதுகைக் காட்டி ஓடினான் என்று ஊர் பேசுகிறது. அது உண்மையென்றால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்துப் போடுவேன் என்று வாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறாள். பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் மகனைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். 278ஆம் பாடல். எழுதிய காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் ஒரு பெண்தான்.

வழக்கமாக இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அந்தத் தாயின் வீரத்தைப் பேசும். மறுபாதி, எந்தத் தாய் இப்படி மகிழ்வாள், இது அரசனுக்காகக் கட்டிய கதை என்று வாதாடும். நானும் அந்த விவாதத்தை ஊதிவிட்டு வேடிக்கை பார்ப்பேன். ஒரு வருடம், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அந்தப் பையனுக்குப் பேர் என்ன மேடம்?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடங்களாக அந்தத் தாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். செத்துக் கிடப்பவன் யார் என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்குப் பெயர் இல்லை, வயது இல்லை. அவன் என்ன விளையாடினான், எதற்குப் பயந்தான், யாரை விரும்பினான் என்று எதுவும் இல்லை. அவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவன் ஓடவில்லை. தாய்க்கும் ஊருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பெயர் தெரியாத அந்தப் பையனைப் பற்றி இனி எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அதனால், நூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன வேறொரு பையனிடம் போகிறேன். அவன் பெயர் எட்வர்ட் பிரிட்டெய்ன். வயது 22. அவனை நாம் அறிந்திருப்பதற்கு ஒரே காரணம், அவனுக்கு எழுதத் தெரிந்த ஓர் அக்கா இருந்தார்.

*

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் மலைப்பகுதியில் இருக்கும் சிறிய ஊர் பக்ஸ்டன். வெதுவெதுப்பான நீரூற்றுகளுக்குப் பெயர்போனது. வசதியானவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்து தங்குவார்கள். 1905இல் பிரிட்டெய்ன் குடும்பம் அங்கே குடியேறியது. அப்பாவுக்குக் காகித ஆலை. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் வேரா, 1893 டிசம்பரில் பிறந்தவர். தம்பி எட்வர்ட், 1895 நவம்பர். இரண்டு வயதுகூட வித்தியாசம் இல்லை. தம்பிக்கு வயலின் என்றால் உயிர். அவன் வயலின் வாசிக்க, அக்கா பியானோ வாசிப்பார்.

எட்வர்ட் அப்பிங்ஹாம் என்ற விடுதிப் பள்ளியில் படித்தான். அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு என்பது அந்த வீட்டில் யாரும் விவாதிக்காத விஷயம். வேராவும் விடுதிப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் பள்ளி முடிந்ததும் அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். டென்னிஸ், தேநீர் விருந்து, நடனம், பிறகு தகுந்த இடத்தில் திருமணம். பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று அப்பா கேட்டார். நம் வீடுகளில் இன்றும் வேறு வேறு சொற்களில் கேட்கப்படும் கேள்விதான் அது. வேரா விடாமல் போராடினார், தம்பி அக்காவின் பக்கம் நின்றான். 1914இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் உதவித்தொகையுடன் அவருக்கு இடம் கிடைத்தது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் வாங்க முடியாது. பட்டம் கொடுக்க 1920 வரை ஆனது.

அந்த ஆகஸ்டில் போர் வந்தது.

எட்வர்டுக்கு 18 வயது. பட்டாளத்தில் சேர அப்பா அனுமதி தரவில்லை. இங்கேதான் இந்தக் கதை எனக்குச் சங்கடமாகிறது. மணமாகாத இளைஞர்களைப் பட்டாளத்துக்கு அழைத்து நாளிதழில் வந்த அறிவிப்பைத் தம்பிக்கு எடுத்துக் காட்டியவரே வேராதான். அப்பா தடுத்தபோது வேராவுக்கு அவர்மேல் கோபம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் போகும்போது நம் வீட்டுப் பிள்ளை மட்டும் பத்திரமாக இருப்பதா என்பது அவருடைய நியாயம். தன் படிப்புக்குக் குறுக்கே நின்ற அதே அப்பாதான் இப்போது தம்பியின் கடமைக்கும் குறுக்கே நிற்கிறார் என்று அந்த இருபது வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். தம்பி சீருடை போட்டான்.

வேரா பின்னாளில் உலகறிந்த போர் எதிர்ப்பாளர் ஆனவர். அவரைப் பெண்ணிய வரலாற்றில் கொண்டாடும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிப் போக விரும்பவில்லை. அன்று இங்கிலாந்தில் இந்த மனநிலை வேராவுக்கு மட்டும் இருந்ததல்ல. அதே ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத ஆண்களின் கையில் கோழைத்தனத்தின் அடையாளமாக வெள்ளைச் சிறகைக் கொடுக்க வைத்தார். வாக்குரிமைக்காகச் சிறை சென்ற எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் ஆள்சேர்ப்புக்கு மேடை ஏறினார். அவருடைய மகள் சில்வியா போரை எதிர்த்தார். 1915 ஏப்ரலில் போரில் இருந்த நாடுகளிலிருந்தும் இல்லாத நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடி, சமாதானப் பேச்சு தொடங்கு என்று கேட்டார்கள். பெண் என்பதாலேயே ஒருத்தி போருக்கு எதிரானவள் ஆகிவிடுவதில்லை. மகனின் காயம் நெஞ்சிலா முதுகிலா என்று பார்க்கப்போன தாய் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறாள். வேராவும் முதலில் அவளாகத்தான் இருந்தார். பிறகு எப்படி மாறினார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

*

வேராவின் மனதை மாற்றியது வாதங்கள் அல்ல, உடல்கள்தான் என்று நினைக்கிறேன்.

1915இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் தன்னார்வச் செவிலியாகச் சேர்ந்தார். முதலில் பக்ஸ்டனில், பிறகு லண்டனில். அந்த ஆண்டு எட்வர்டின் பள்ளித் தோழன் ரோலண்ட் லெய்ட்டனுக்கும் அவருக்கும் நிச்சயமானது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரோலண்ட் வருவான் என்று பிரைட்டனில் காத்திருந்தபோது, அவன் டிசம்பர் 23 அன்றே காயத்தால் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்தது. அவனுக்கு வயது 20. சில வாரங்களில் அவன் உடைகளை அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். வேரா அதைப் பார்த்தார். சேறும் இரத்தமும் காய்ந்து, சாவின் நாற்றத்தோடு இருந்த உடைகள். அவற்றை அங்கிருந்து எடுத்துப் போய்விடச் சொன்னார் ரோலண்டின் அம்மா. நாட்டுக்காக உயிர் கொடுத்தான் என்பது ஒரு சொற்றொடர். அந்த மூட்டைக்குச் சொற்றொடர் எதுவும் பொருந்தவில்லை.

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் படையில் அந்த ஒரே நாளில் 57,000 பேருக்கு மேல் காயம்பட்டோ, இறந்தோ, காணாமலோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 19,000 பேருக்கு மேல். எட்வர்ட் கையிலும் தொடையிலும் காயம்பட்டுத் தப்பினான். காயம்பட்ட பிறகும் தன் ஆட்களை முன்னே நடத்த முயன்றதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது. அவனைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்து சேர்த்தது, அக்கா வேலை செய்துகொண்டிருந்த அதே லண்டன் மருத்துவமனையில். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர்களுடைய நண்பன் ஜெஃப்ரி கொல்லப்பட்டான். அதே மாதம் இன்னொரு நண்பன் விக்டர் கண்பார்வை இழந்தான், ஜூனில் இறந்தான். அந்த நட்பு வட்டத்தில் மிஞ்சியவன் எட்வர்ட் ஒருவன்தான்.

அதன் பிறகு வேரா பிரான்சில் எத்தாப்ல் முகாமுக்குப் போனார். அங்கே அவருக்கு முதலில் கொடுத்த வேலை, காயம்பட்ட ஜெர்மானியக் கைதிகளைப் பார்த்துக்கொள்வது. போர்முனையில் தம்பி யாரைக் கொல்ல அனுப்பப்பட்டிருக்கிறானோ, அவர்களுக்கு இங்கே அக்கா கட்டுப்போடுகிறார். இரண்டுக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே அரசு. இந்த முரணை ஒருமுறை கையால் தொட்டுவிட்டவரிடம் எதிரி என்ற சொல் பழையபடி வேலை செய்யாது.

1918 ஏப்ரலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று அப்பாவிடமிருந்து அழைப்பு. ஜெர்மனியின் பெரும் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நேரம், வார்டுகள் நிரம்பி வழிந்தன. வேரா வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எட்வர்டும் அதே பெற்றோரின் பிள்ளைதான். ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போர்முனையிலிருந்து மகனைக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. மகளின் வேலை எவ்வளவு பெரிதானாலும் அது பாதியில் விடக்கூடிய வேலை.

*

அப்போது எட்வர்ட் இத்தாலியில் இருந்தான். வடக்கே மலைமேல் அசியாகோ பீடபூமி, பைன் மரக்காடுகள். 11ஆவது ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படைப்பிரிவில் கேப்டன். ஜூன் 11 அன்று வேரா தம்பிக்காக ஒரு கவிதை எழுதினார், சோம் போரில் அவன் பட்ட காயங்களின் நினைவாக. நான்கு நாட்கள் கழித்து, ஜூன் 15 அதிகாலை, ஆஸ்திரியப் படை தாக்கியது. எதிரி நுழைந்துவிட்ட பதுங்குகுழியை எட்வர்ட் தன் ஆட்களோடு மீட்டான். சற்று நேரத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தான்.

தந்தி ஜூன் 22 அன்று லண்டன் வீட்டுக்கு வந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய் வாங்கியவர் வேரா. வீட்டில் அப்பா இருந்தார். தந்தியைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொல்லும் வேலையும் மகளுக்குத்தான்.

இங்கே ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அதே 1918 பிப்ரவரியில்தான் இங்கிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது, ஆனால் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் சொத்துத் தகுதியோடு. போரில் பணியாற்றிய ஆண்களுக்கு 19 வயதே போதும். ஆகவே 22 வயதுத் தம்பிக்கு வாக்கு உண்டு. நான்கு மருத்துவமனைகளில் பிணங்களோடும் புண்களோடும் வேலை செய்த 24 வயது அக்காவுக்குக் கிடையாது. அந்த டிசம்பரில் தேர்தல் வந்தபோது, வாக்கு இருந்தவன் உயிரோடு இல்லை, உயிரோடு இருந்தவருக்கு வாக்கு இல்லை. ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இல்தான் வந்தது.

எட்வர்டின் உடல் ஊருக்கு வரவில்லை. யாருடைய உடலும் வரவில்லை. இறந்த இடத்திலேயே புதைப்பது என்பது பிரிட்டிஷ் பேரரசின் முடிவு. தாய்மார்கள் பலர் எதிர்த்தார்கள், மகனைக் கொடு என்று மனு போட்டார்கள், அரசு இறங்கவில்லை. பணக்காரன் மகனை மட்டும் கொண்டுவந்துவிடுவான், ஏழையால் முடியாது, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்பது அரசு சொன்ன நியாயம். நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் உயிரோடு இருந்தபோது பிள்ளை குடும்பத்துக்குச் சொந்தம், செத்தபிறகு அரசுக்குச் சொந்தம் என்பதையும் அந்தக் கல் சொன்னது. கல்லின் அடியில் குடும்பம் விரும்பினால் சில சொற்கள் பொறித்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 66 எழுத்து, எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல நினைப்பதையெல்லாம் எழுத்தெண்ணிக் காசு கொடுத்து அடக்க வேண்டும்.

*

வேராவுக்கு அந்தக் கல் போதவில்லை. அவன் எப்படிச் செத்தான் என்று தெரிய வேண்டும்.

எட்வர்டின் படைப்பிரிவுத் தளபதி சார்ல்ஸ் ஹட்சன். அதே ஜூன் 15 சண்டைக்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. காலில் பலத்த காயத்தோடு லண்டன் மருத்துவமனையில் இருந்த அவரை வேரா போய்ப் பார்த்தார், திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். தம்பியின் கடைசி நேரத்தைச் சொல்லுங்கள் என்று துளைத்தார். ஹட்சன் பிடிகொடுக்காமல் பேசினார். எதையோ மறைக்கிறார் என்பது வேராவுக்குப் புரிந்தது. என் தம்பி பெரிதாக ஏதோ செய்திருக்கிறான், தன் புகழ் குறைந்துவிடும் என்று இவர் அதை மறைக்கிறார் என்று முடிவு கட்டினார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் புறநானூற்றுத் தாய் நினைவுக்கு வருவார். வாள் இல்லை, களம் இல்லை, மருத்துவமனைக் கட்டிலும் பக்கத்தில் ஒரு நாற்காலியும்தான். ஆனால் தேடுவது அதே அடையாளத்தைத்தான். என் பிள்ளை வீரனாகத்தான் செத்தானா? மார்பில் காயம் என்று யாராவது சொல்லிவிட்டால் மனசு ஆறும்.

1933இல் வேராவின் 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' வெளிவந்தது. ஒரு பெண் தன் தலைமுறையின் போரைத் தன் வாழ்க்கையின் வழியே எழுதிய நூல். போரைப் பற்றி எழுதும் உரிமை பதுங்குகுழியில் இருந்த ஆண்களுக்கே என்று இருந்த காலத்தில், கட்டுப்போட்டவளும் காத்திருந்தவளும் புதைக்கக்கூட உடல் கிடைக்காதவளும் சாட்சிதான் என்று அது சொன்னது. முதல் உலகப் போரைப் பற்றிப் பெண் எழுதியவற்றில் இன்றும் அதிகம் வாசிக்கப்படுவது அதுதான். பெயரைச் சொல்லாமல் அந்தத் தளபதியையும் அதில் எழுதியிருந்தார், கசப்போடு.

ஹட்சன் அதைப் படித்தார். மறு ஆண்டு வேராவுக்கு எழுதினார், இருவரும் சந்தித்தார்கள். 16 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னார். எட்வர்ட் இன்னொரு அதிகாரிக்கு எழுதிய கடிதம் தணிக்கையில் சிக்கியது. தன் பிரிவில் இருந்த ஆண்களோடு அவனுக்கு உறவு இருந்தது அதிலிருந்து தெரிந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தது. இராணுவ நீதிமன்றம், அவமானம், சிறை என்று முடியக்கூடிய விஷயம். அவனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது ஹட்சனுக்கு வந்த உத்தரவு. அதை மீறி, சண்டைக்கு முந்தைய நாள், கடிதங்கள் பின்தளத்தில் படிக்கப்படுகின்றன என்பதை மட்டும் எட்வர்டுக்குப் புரியும்படி ஜாடையாகச் சொன்னார். மறுநாள் காலை எட்வர்ட் இறந்தான். அவமானத்துக்குப் பயந்து சாவைத் தேடிப் போயிருப்பானோ என்ற சந்தேகம் ஹட்சனை விடவில்லை.

எட்வர்ட் பிறந்த 1895ஆம் ஆண்டில்தான் ஆஸ்கார் வைல்டை இதே குற்றத்துக்காக இரண்டு ஆண்டு கடுங்காவலில் அடைத்தார்கள். அந்தச் சட்டத்தின் நிழலிலேயே அவன் வளர்ந்தான். ஒரு பக்கம் ஆஸ்திரியத் துப்பாக்கி, இன்னொரு பக்கம் சொந்த நாட்டின் சட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு 22 வயதுப் பையன். அந்தக் காலையில் அவன் மனதில் என்ன ஓடியது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. ஆனால் இது மட்டும் உறுதி: எந்த நாட்டுக்காக அவன் உயிரைக் கேட்டார்களோ, அந்த நாட்டில் அவன் அவனாக வாழ இடம் இல்லை. நடத்தை சரியில்லை என்று ஊர் பேசும் பெண்ணுக்கும், ஆண்மை சரியில்லை என்று ஊர் பேசும் ஆணுக்கும் நாம் வைத்திருக்கும் தராசு ஒன்றேதான். வீரமரணம் என்ற சொல் அவன்மேல் போர்த்திய துணி. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரையும் அது விடவில்லை, அக்காவைக்கூட.

வேரா என்ன செய்தார்? இந்த உண்மையைத் தம்பியின் பெயரோடு அவர் அச்சில் சொல்லவில்லை. அப்போது அது சட்டப்படி குற்றம், பெற்றோரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அப்படியே புதைத்துவிடவும் அவரால் முடியவில்லை. 1936இல் வந்த 'ஹானரபிள் எஸ்டேட்' நாவலில் ஓர் இளம் அதிகாரி வருகிறான். ஆணோடு இருந்த காதலுக்காக விசாரணை வரும் என்று அறிந்து, கல்லிப்போலிப் போர்முனையில் சாவைத் தேடிப் போகிறான். தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியுலகம் எட்வர்டின் கதையை அறிந்துகொண்டது, வேரா இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் வழியாக.

வேரா முழுவதையும் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என் மனதில் நிற்பது வேறொன்று. தம்பியை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர் தான் என்று நினைத்திருந்த ஓர் அக்கா, அறுநூறு பக்கப் புத்தகம் எழுதி முடித்த பிறகு, அவனை இன்னும் அறியவில்லை என்று தெரிந்துகொள்கிறார். அவன் எப்படிச் செத்தான் என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு அலைந்தவருக்கு, அவன் எப்படி வாழ்ந்தான் என்ற பதில் கிடைத்தது. நினைவுகூர்பவள் இதற்கும் தயாராக இருக்க வேண்டும். செத்தவர்கள் நம் பெருமைக்காகச் செத்தவர்கள் அல்ல.

*

இவ்வளவையும் வகுப்பில் சொன்னபோது எனக்குள் இன்னொரு கேள்வி எழுந்தது. எட்வர்டை நாம் அறிந்திருக்கிறோம், சரி. அவன் வீட்டில் காகிதம் இருந்தது, கடிதங்களைப் பத்திரப்படுத்த மேசை இருந்தது, ஆக்ஸ்ஃபோர்டு போன அக்கா இருந்தார். இவையெல்லாம் இல்லாத வீட்டுப் பையன்?

அதே முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்தார்கள், சுமார் 74,000 பேர் இறந்தார்கள். ஊர் ஊராக அரசு கல் வைத்தது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும் பொறித்த அப்படிப்பட்ட கல்வெட்டுகள் தமிழ்நாட்டிலும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்ற நியாயம் ஐரோப்பாவோடு நின்றுவிட்டது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை.

என் அப்பாயியின் தம்பி அடுத்த போருக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இறந்தார். அப்பாயி வீட்டில் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படம் தொங்கியது. பெரிய தொப்பி, சின்ன முகம், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவர் பெயரைத்தான் என் பெரியப்பாவுக்கு வைத்தார்கள். அதனால் பெயர் எங்கள் வீட்டில் தினமும் புழங்கியது. பெயருக்குப் பின்னால் இருந்த பையனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பாயி மட்டும் பேசினார், ஒப்பாரியில். யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும், பிணத்தைப் பார்த்துத் தொடங்கி, கடைசியில் தன் தம்பியிடம்தான் போய் முடிப்பார். அடக்கம் செய்ய உடல் கிடைக்காதவனை ஊரில் விழும் ஒவ்வொரு உடலையும் வைத்து அழுதுகொண்டிருந்திருக்கிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அது வெட்கமாக இருக்கும். அடுத்தவர் வீட்டுச் சாவில் சொந்தக் கதையைப் பாடுகிறாரே என்று தோன்றும். பிறகு நான் வரலாறு படித்தேன், போர்களைப் படித்தேன், தேதிகளை மனப்பாடம் செய்தேன். அப்பாயி அந்த ஒப்பாரியில் என்ன பாடினார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அவர் போய்விட்டார். வேரா எழுதியதைப் போன்ற ஒரு புத்தகம் என் வீட்டுத் திண்ணையில் இருந்தது, எழுத்தில்லாமல். அதைத் தவறவிட்டவள் நான், ஒரு வரலாற்று ஆசிரியை.

*

1949 டிசம்பரில் வேரா பிரிட்டெய்ன் இந்தியாவுக்கு வந்தார். காந்தி கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் நடந்த உலக அமைதி மாநாட்டில் கலந்துகொண்டார். இதற்குள் அவர் வெகுதூரம் வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் நகரங்கள்மேல் தன் நாடே குண்டு போட்டுப் பொதுமக்களைக் கொல்வதை எதிர்த்து எழுதி, துரோகி என்று வசை வாங்கியவர். நாளிதழ் அறிவிப்பைத் தம்பிக்கு எடுத்துக் காட்டிய பெண்ணும் இவரும் ஒருவரே. தம்பியை நினைவுகூர்வது என்பது அவருக்கு வருடம் ஒருமுறை மலர் வைப்பதாக இருக்கவில்லை. அடுத்த வீட்டுத் தம்பியை அனுப்பாதே என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதாக இருந்தது.

1921இல் தோழி வினிஃப்ரெட் ஹோல்ட்பியோடு அவர் அசியாகோ மலைக்குப் போய்த் தம்பியின் கல்லறையைப் பார்த்தார். கிரானெட்ஸா என்ற இடத்தில், பைன் மரங்களுக்கு நடுவே சிறிய இடுகாடு. 1970 மார்ச்சில் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி அந்த செப்டம்பரில் அவருடைய சாம்பலை அங்கேதான் தூவினார்கள். தம்பி எந்தக் காதலுக்காகப் பயந்தானோ, அது இங்கிலாந்தில் குற்றமில்லை என்று ஆனது 1967இல். அதைப் பார்க்கும்வரை அக்கா இருந்தார். பிரிட்டிஷார் நமக்கு விட்டுப்போன அதே சட்டத்தை நாம் 2018 வரை வைத்திருந்தோம்.

அந்த மாணவிக்கு நான் அன்று வகுப்பில் சொன்ன பதில், "பாட்டில் பெயர் இல்லைம்மா" என்பதுதான். இப்போது கேட்டால் இன்னும் கொஞ்சம் சொல்வேன். பெயர் மட்டும் போதாது என்பேன். என் அப்பாயியின் தம்பிக்குப் பெயர் இருந்தது. எட்வர்டுக்குப் பெயரும் பதக்கமும் கல்லும் இருந்தன, ஆனாலும் அவன் 16 வருடம் ஒளிந்திருந்தான். அந்தத் தாய் களத்தில் மகனைப் புரட்டிப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டாள். நீ அங்கே நிறுத்தாதே. உன் வீட்டிலும் சட்டம் போட்ட ஒரு படம் இருக்கும். அவர் எப்படி இறந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொள். பிறகு, அவரைத் தூக்கி வளர்த்த அக்காவோ தங்கையோ இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேள்.